உள்குத்தகைக்கு விட முடியாத பொறுப்பு

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், அதன் பின் நிகழ்பவற்றை நாம் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். மாலைக்குள் உயிரிழந்தோர் எண்ணிக்கை வெளியாகும். தலைவர்கள் இரங்கல் தெரிவிப்பார்கள். அரசு நிவாரணத் தொகையை அறிவிக்கும். ஆலையின் போர்மேன் கைது செய்யப்படுவார். உரிமையாளரைத் தனிப்படை தேடும். இரண்டொரு நாளில், மருந்துக் கலவையைக் கையாண்டபோது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என்ற ஒற்றை வரியோடு செய்தி ஓய்ந்துவிடும். அடுத்த விபத்தில் ஊரும் பெயர்களும் மட்டும் மாறும்.

அந்த ஒற்றை வரியில்தான் சிக்கல் இருக்கிறது. உராய்வு என்பது வெடிப்பு நேர்ந்த விதத்தைச் சொல்கிறதே தவிர, அதன் காரணத்தைச் சொல்லவில்லை. உராய்ந்தால் கலவை தீப்பற்றும் என்பது அந்த ஆலைக்குள் காலடி வைக்கும் ஒவ்வொருவருக்கும் முன்பே தெரியும். எனவே, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உராய்வு ஏற்படக்கூடிய அந்த வேலையை, அந்த நேரத்தில், அத்தனை பேர் அருகிலிருக்கும்போது செய்யும்படி ஏற்பாடு செய்தவர் யார்? அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அந்த அதிகாரம் ஏன் பயன்படுத்தப்படவில்லை?

இக்கேள்விகளுக்கு விடை தேடிச் சட்டம் நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது. அது வந்து சேர்ந்திருக்கும் இடம் தெளிவானது: வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை ஒப்படைக்க முடியாது. நம் நாட்டின் தொழிற்சாலை விபத்துகள் பலவற்றின் பின்னணியில் இருப்பது, இந்த எளிய நெறியை வேலையளிப்பவரும், விசாரிப்பவரும், சில நேரங்களில் தொழிலாளியும்கூட மறந்துபோவதுதான்.

ஆபத்து யாருடையது?

தொடக்கத்தில் சட்டம் தொழிலாளியின் பக்கம் இல்லை. 1837-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பணியாளர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட வண்டியில் அனுப்பப்பட்டார். வண்டி முறிந்து அவருடைய தொடை எலும்பு உடைந்தது. பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் முதலாளியைப் பொறுப்பாக்க மறுத்தது. ஆபத்து என்று தெரிந்தால் பணியாளர் அந்த வேலையை மறுத்திருக்கலாமே என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். மறுத்தால் அன்றைய கூலி போகும், மறுநாள் வேலையும் போகும் என்பதை அந்தத் தர்க்கம் கணக்கில் எடுக்கவில்லை. உடன் பணிபுரிபவரின் தவறால் ஒரு தொழிலாளி காயமடைந்தால் முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கை இதிலிருந்தே வளர்ந்தது. பிரிட்டனில் அது 1948-இல்தான் சட்டத்தின் மூலம் முற்றாக நீக்கப்பட்டது.

அதற்குள் நீதிமன்றங்களே அந்தக் கொள்கையை உள்ளிருந்து தளர்த்திவிட்டன. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், பணிநேரம் முடிந்து தொழிலாளர்கள் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில், நிலக்கரியை இழுக்கும் பொறி இயக்கப்பட்டது. ஒருவர் அதில் நசுங்கிக் காயமுற்றார். சுரங்கத்தின் தொழில்நுட்ப நிர்வாகத்தைத் தகுதி பெற்ற மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டோம், ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 1937-இல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை நிராகரித்தது. தகுதியுள்ள பணியாளர்கள், போதிய கருவிகள், முறையான வேலை ஒழுங்கும் அதன் மீது உண்மையான மேற்பார்வையும் ஆகிய மூன்றையும் தருவது வேலையளிப்பவரின் சொந்தக் கடமை என்றும், எவ்வளவு திறமையானவரை நியமித்தாலும் அக்கடமையிலிருந்து அவர் விடுபட முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது.

1950-இல் வந்த மற்றொரு தீர்ப்பு இக்கடமையின் நுணுக்கத்தைக் காட்டியது. லண்டனின் ஸ்டெப்னி நகராட்சியின் வாகனப் பணிமனையில் வேலை பார்த்த ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை இல்லை. துருப்பிடித்த திருகாணியைச் சுத்தியலால் அடித்தபோது இரும்புத் துகள் தெறித்து மற்றொரு கண்ணும் பறிபோனது. அவ்வகை வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தரும் வழக்கம் இல்லை என்றது நகராட்சி. நீதிமன்றமோ, ஒற்றைக் கண் உள்ளவருக்கு நேரக்கூடிய இழப்பு மற்றவர்களுக்கு நேரக்கூடியதைவிட மிகப் பெரியது, அதை அறிந்திருந்த நகராட்சி அவருக்காவது கண்ணாடி தந்திருக்க வேண்டும் என்றது. அதாவது, ஆபத்து நிகழும் வாய்ப்பை மட்டுமன்றி, நிகழ்ந்தால் விளையும் இழப்பின் அளவையும் வேலையளிப்பவர் எடைபோட வேண்டும்.

கவனக்குறைவு என்ற சொல்லின் சட்டப் பொருள் இதுதான். அது மனிதனின் ஒரு கணத் தடுமாற்றம் அன்று. முன்கூட்டியே உணரத்தக்க ஆபத்தை உணர்ந்தும், அதைக் குறைக்க நியாயமாகச் செய்யத்தக்கதைச் செய்யாமல் விடுவது. 1949-இல் பிரிட்டிஷ் நிலக்கரி வாரியத்துக்கு எதிரான ஒரு வழக்கு இதற்கு அளவுகோல் தந்தது. தராசின் ஒரு தட்டில் ஆபத்தையும், மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், காலம், உழைப்பு ஆகியவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்தோடு ஒப்பிடும்போது செலவு மிகவும் பொருத்தமற்ற அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டுமே வேலையளிப்பவர் விலக்குக் கோரலாம். செலவாகும் என்பது மட்டுமே ஒருபோதும் விடையாகாது.

இந்தியா எடுத்துவைத்த அடி

நம் நாட்டில் இக்கடமை இரு தடங்களில் வளர்ந்தது. ஒன்று, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். தவறு யாருடையது என்று ஆராயாமலே, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்றால் வேலையளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை அது நிறுவியது. மற்றொன்று, விபத்து நேராமல் தடுக்கும் கடமையை வகுத்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்.

இரண்டையும் உலுக்கியது போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அந்த இரவில் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு இயங்கவில்லை. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம் இணைப்பிலேயே இல்லை. பாதுகாப்புக்கென அமைக்கப்பட்டவை ஒவ்வொன்றாக முடங்கிக் கிடந்தன. எந்தவொரு தொழிலாளியின் கைத்தவறும் அத்தனை பெரிய அழிவைத் தனியாக உண்டாக்கியிருக்க முடியாது. ஆனால் 2010-இல் வெளியான தீர்ப்பில், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக நிர்வாகிகளுக்கு விதிக்கப்பட்டது இரண்டு ஆண்டு சிறை மட்டுமே. அந்தப் பிரிவு அனுமதித்த உச்சத் தண்டனையே அவ்வளவுதான்.

போபாலுக்கு ஓராண்டு கழித்து தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அதையொட்டி எம்.சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கில், 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அரசமைப்புச் சட்ட அமர்வு புதிய நெறி ஒன்றை வகுத்தது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை லாபத்துக்காக நடத்தும் நிறுவனம், அதனால் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். நாங்கள் எல்லாக் கவனமும் எடுத்தோம் என்பதோ, எதிர்பாராத நிகழ்வு என்பதோ விலக்காகாது. இழப்பீடும் நிறுவனத்தின் பொருள் வலிமைக்கு ஏற்ப அமைய வேண்டும். 1868-இல் இங்கிலாந்து வகுத்த நெறியில் இருந்த விலக்குகளை எல்லாம் நீக்கிய தீர்ப்பு இது. ஆபத்தை முன்கூட்டி அறியவும் தடுக்கவும் தேவையான அறிவும் வசதியும் அந்த நிறுவனத்திடம் மட்டுமே இருக்கின்றன என்பதே இதன் அடிப்படை.

1987-இல் தொழிற்சாலைகள் சட்டமும் திருத்தப்பட்டது. தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்வது ஆலையின் மீது இறுதி அதிகாரம் கொண்டவரின் பொதுக்கடமை என்று அது அறிவித்தது. நிறுவனம் என்றால் இயக்குநர்களில் ஒருவரே அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும், சம்பளத்துக்கு இருக்கும் ஓர் அலுவலரை முன்நிறுத்திவிட்டு இயக்குநர்கள் ஒதுங்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது.

காகிதத்தில் ஓர் ஆலை, களத்தில் வேறொன்று

இத்தனை சட்டமும் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரங்களுக்கு வரும்போது என்ன ஆகிறது? விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போ (பெசோ) மாவட்ட நிர்வாகமோ உரிமம் வழங்குகிறது. ஆலையின் அளவைப் பொறுத்துத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கண்காணிப்பும் உண்டு. உரிமத்தில் அறைகளுக்கிடையேயான இடைவெளி, ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்கள், வைத்திருக்கத்தக்க மருந்தின் அளவு ஆகிய அனைத்தும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால், உரிமம் பெற்றவரே பல ஆலைகளை நடத்துவதில்லை. அறைகள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நபர்களுக்கு உள்குத்தகைக்கு விடப்படுகின்றன. குத்தகை எடுத்தவர் தாம் கொடுத்த பணத்தைச் சில மாதங்களுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். ஆகவே நால்வர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் அமர்கின்றனர். அறைக்குள் இடம் போதாமல் மரத்தடியிலும் தற்காலிகக் கொட்டகையிலும் வேலை நடக்கிறது. தொழிலாளிக்கு எண்ணிக்கைக் கூலி. கை வேகமாக ஓடினால்தான் காசு. எங்கே மெதுவாகச் செய்வது உயிரைக் காக்குமோ அங்கே வேகத்துக்குப் பரிசு தரும் கூலிமுறையை வைத்துவிட்டு, தொழிலாளி அவசரப்பட்டார் என்று பின்னர் குறை சொல்வது நேர்மையாகாது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சங்குளம் விபத்தைத் தாமாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உயிரிழந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த விபத்தின் பின்னணியிலும் உள்குத்தகையே பேசப்பட்டது.

உள்குத்தகை செய்வது ஒன்றுதான்: வருமானத்தை மேலே வைத்துக்கொண்டு பொறுப்பைக் கீழே தள்ளுவது. உரிமையாளர், குத்தகைக்காரரைக் காட்டுகிறார். குத்தகைக்காரர், போர்மேனைக் காட்டுகிறார். போர்மேன், இறந்துபோன தொழிலாளியைக் காட்டுகிறார். இறந்தவர் பதில் சொல்ல வரமாட்டார். 1937-இல் ஸ்காட்லாந்துச் சுரங்க நிறுவனம் சொன்ன அதே வாதம்தான் இது. அன்றே தோற்றுப்போன வாதம், நம் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆபத்தைக் குறைக்கும் வரிசை

ஆபத்தைக் கையாள்வதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரு படிவரிசை உண்டு. முதலில், ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இயலாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வைக்க வேண்டும். அடுத்து, ஆபத்துக்கும் மனிதனுக்கும் இடையே தடுப்பு அமைக்க வேண்டும். அதன் பின்னரே விதிமுறைகள், பயிற்சி, எச்சரிக்கைப் பலகைகள். கடைசியாகத்தான் கையுறை, தலைக்கவசம் போன்ற தற்காப்புப் பொருட்கள். மேலே இருக்கும் படிகள் மனிதரின் கவனத்தை நம்பி இல்லை. கீழே வர வர எல்லாம் மனிதரின் கவனத்தையே நம்பி நிற்கின்றன. நம் ஆலைகள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன.

பட்டாசுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடியது; அக்கலவையை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. இது மேல்படி. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வெப்பம் பெருகித் தானாகவே தீப்பற்றக்கூடும். ஆகவே கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மீதியை இரவில் வைக்கக் கூடாது. அறைகளுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாது. கதவுகள் வெளிப்புறம் திறந்தால் உள்ளிருப்பவர் தப்ப முடியும். நுழைவாயிலில் செம்புத் தகட்டைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டால் தீப்பொறிக்கான வாய்ப்பு குறையும். இவற்றில் எதுவும் விண்வெளித் தொழில்நுட்பம் அன்று. இவை அனைத்தையும் முடிவுசெய்யும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. முதலீடு செய்பவரிடமே இருக்கிறது. அதிகாரம் இருக்குமிடத்தில்தான் பொறுப்பும் இருக்க முடியும்.

விபத்துக்கு முன்னால் சிறு அறிகுறிகள் தோன்றாமல் இருப்பதில்லை. சிறிதாகப் பற்றி உடனே அணைந்த தீ, பழுதான மின்கம்பி, வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிய கலவை ஆகியவற்றை எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று இருந்து, எழுதியவரைக் கடிந்துகொள்ளாத நிர்வாகமும் இருந்தால், பெருவிபத்துகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

வேலையை நிறுத்தும் உரிமையும் அதைப் போன்றதே. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டனர். ஆபத்தைப் பார்த்தவர்களுக்கு வேலையை மறுக்கும் வலிமை இல்லை என்பதே அங்கு உயிர்களைப் பறித்தது. 1837-இன் நீதிமன்றம் கற்பனை செய்த, விரும்பினால் மறுக்கக்கூடிய தொழிலாளி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

விபத்துக்குப் பின் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது குறித்தும் பெருங்குழப்பம் நிலவுகிறது. அரசு அறிவிக்கும் நிவாரணம் கருணைத் தொகை. அது மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. வேலையளிப்பவரின் கடப்பாட்டை அது ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. சட்டப்படியான இழப்பீடு தனி.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குமுறையில், தொழிலாளி இறந்தால் அவருடைய மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளத்தக்க மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30 வயதுக்கான காரணி 207.98. ஆக, மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 30 வயதுத் தொழிலாளி இறந்தால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய் வருகிறது. நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதிலாக 60 விழுக்காடு. விபத்து நடந்த நாளிலேயே இக்கடப்பாடு பிறந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு.

ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. தமது தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்டவரிடமிருந்தே இழப்பீட்டைக் கோரலாம்; அவர் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்ற வாதம்கூட, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் செல்லாது.

இறந்தவரின் வீட்டுக்கே வந்து ஒரு தொகையைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. குடும்பங்கள் அறிய வேண்டியது இதுதான்: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் சட்டத்தின் முன் செல்லாது. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். கைக்குக் கை கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது. கோருவதற்குக் காலவரம்பு இருப்பதால், துக்கத்திலும் காலம் தாழ்த்தாமல் ஆணையரை அணுக வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவராக இருந்தால், இந்த இழப்பீட்டுக்கு மாற்றாக, சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு என்ற அளவில் சார்ந்தோர் உதவித்தொகை பகிர்ந்தளிக்கப்படும். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத தொழிலாளிக்குத்தான் எல்லாக் கதவுகளும் கடினமாகத் திறக்கின்றன. பெயரைப் பதியாமல் விடுவதும் ஒருவகைக் கவனக்குறைவே.

புதிய தொகுப்புகள் தருவதும் தராததும்

2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. இழப்பீட்டு நெறியின் சாரத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தொடர்கிறது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், அது சேர்த்துக்கொள்கிறது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஆபத்தற்ற வேலையிடம், நியமனக் கடிதம், குறிப்பிட்ட பிரிவினருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வேலையளிப்பவரின் கடமையாக்குகிறது. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது வரவேற்கத்தக்க புதுமை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான தண்டனையை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியிருக்கிறது.

ஆனால், தொழிற்சாலை என்பதற்கான வரையறை மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10 தொழிலாளரிலிருந்து 20-க்கும், பயன்படுத்தாத இடங்களில் 20-லிருந்து 40-க்கும் உயர்த்தப்பட்டிருக்கிறது. அபாயகரமான தொழில் என்றால் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் தொகுப்பைப் பொருந்தச் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டால்தான் பயன். அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலையிலும் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாவது 250 தொழிலாளர் இருந்தால்தான். உயிரிழப்புகள் பெரும்பாலும் நிகழும் சிறு ஆலைகள் இந்த எண்ணிக்கைக்குக் கீழேயே நிற்கின்றன.

சிறு உரிமையாளர்களின் இடர்ப்பாட்டையும் மறுப்பதற்கில்லை. லாபம் குறைவு, தீபாவளிக்குள் சரக்கை அனுப்பியாக வேண்டிய நெருக்கடி, பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைக்காமை ஆகிய அனைத்தும் உண்மை. நேர்மையாக விதிகளைப் பின்பற்றும் ஆலை, விதிமீறும் ஆலையோடு விலையில் போட்டியிட முடியாமல் தவிப்பதும் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு விதிகளைத் தளர்த்துவதன்று, விதிமீறலை லாபமற்றதாக்குவதுதான்.

அதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, உள்குத்தகை கண்டறியப்பட்ட ஆலையின் உரிமம் தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். விபத்து வழக்கில் போர்மேனோடு நில்லாமல், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே முதல் எதிரியாகச் சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல் போன்ற பணிகளுக்கு எண்ணிக்கைக் கூலியை விலக்கி நாள் கூலியை நிர்ணயிக்க வேண்டும். மூன்றாவதாக, சிறு ஆலைகள் பல சேர்ந்து ஒரு பாதுகாப்பு அலுவலரைப் பொதுவில் நியமித்துக்கொள்ள அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையும் பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடப்பட வேண்டும். ஓர் ஆலையின் தவறு மற்ற ஆலைகளுக்குப் பாடமாக வேறு வழியில்லை.

பாதுகாப்பான, நலமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் அறிவித்தது. அந்த உரிமை உண்மையில் உயிர்பெறுவது மாநாட்டு மேடையிலன்று. அடுத்த விபத்தின் முதல் தகவல் அறிக்கையில். உராய்வால் வெடித்தது என்று எழுதி முடிக்காமல், உராய்வைத் தடுக்க வேண்டியவர் யார், அவர் ஏன் தடுக்கவில்லை என்று அந்த அறிக்கை கேட்க வேண்டும். அக்கேள்வி கட்டாயம் தம்மிடம் வரும் என்று ஒவ்வோர் உரிமையாளரும் அறிந்துவிட்டால், மறுநாள் காலையே ஆலைகளில் பல ஏற்பாடுகள் மாறும்.